கொலீன் மெக்கல்லோவும் சீசரின் வலிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஆஸ்திரேலிய நாவலாசிரியை கொலீன் மெக்கல்லோ பற்றி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் யாராவது அவரைப் பற்றி எழுத மாட்டார்களா என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். ஆசையாகத்தான் பிரித்தேன். கால்வாசி இடத்தை, அவருடைய ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ நாவலை வைத்து எடுத்த டி.வி. தொடரில் பாதிரியார் அங்கியோடு நிற்கும் நடிகர் ரிச்சர்ட் சேம்பர்லைன் எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் பாதி, அம்மையாரின் உடம்பு எவ்வளவு பருமன், 46 வயதில் தன்னைவிடச் சின்னவரைக் கல்யாணம் செய்துகொண்டது, வாயைத் திறந்தால் யாரையும் விட்டுவைக்க மாட்டார் என்பது. இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரி: ‘எழுத வருமுன் மருத்துவமனையில் உத்தியோகம் பார்த்தார்.’

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் நரம்பியல் பிரிவில் இ.இ.ஜி. டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவள். தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிற வேலை. மெக்கல்லோவும் அதே துறைக்காரர், என்னைவிடப் பல படி மேலே. அவர் அந்த வேலையைச் சும்மா பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை. ஏறக்குறைய 40 வயது வரை அதுதான் அவருக்குச் சோறு போட்டது.

1937 ஜூன் 1 அன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வெல்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஐரிஷ் வம்சத்தவர், ஊர் ஊராகப் போய்க் கரும்பு வெட்டிய கூலித் தொழிலாளி. அம்மா நியூசிலாந்துக்காரர், மாவோரி ரத்தமும் கலந்தவர். குடும்பம் பல இடம் மாறிக் கடைசியில் சிட்னி வந்து சேர்ந்தது. படிப்பில் சுட்டியான பெண் டாக்டராக வேண்டும் என்று சிட்னி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். தடுத்தது பணமும் இல்லை, மார்க்கும் இல்லை. சோப்பு!

ஆமாம், ஆபரேஷன் தியேட்டர் சோப்பு. உங்கள் கட்டுரையில் இது இல்லவே இல்லை. தியேட்டருக்குள் போகுமுன் கை கழுவுவது நாம் சாப்பாட்டுக்கு முன் கழுவுகிற கழுவல் அல்ல. நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு விரலுக்கும் நாலு பக்கம், அப்புறம் உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு. தண்ணீர் முழங்கைப் பக்கமாக வழிய, கையைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படித் தேய்த்தால் நல்ல தோலே வறண்டு இழுக்கும். மெக்கல்லோவுக்கு அந்தச் சோப்பு அறவே ஒத்துக்கொள்ளவில்லை. தோல் அழற்சி கண்டது. கை சுத்தம் செய்ய முடியாதவர் அறுவை அரங்கில் நிற்க முடியாது. மருத்துவத்தை விட்டுவிட்டு, மூளையும் நரம்பும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் நரம்பு உடலியங்கியலுக்கு மாறினார். அங்கே ஒயரும் பசையும் இயந்திரமும்தான்.

சிட்னியில் ராயல் நார்த் ஷோர் மருத்துவமனையில் நரம்பு உடலியங்கியல் பிரிவைத் தொடங்கி வைத்தவர் அவர். 1963-இல் லண்டன் போய் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை செய்தார். அங்கே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நரம்பியல் துறைத் தலைவர் இவரைப் பார்த்துத் தன்னிடம் வரும்படி அழைத்தார். 1967 முதல் 1976 வரை யேல் மருத்துவப் பள்ளியில் ஆராய்ச்சி, கற்பித்தல் இரண்டும். இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் ‘மருத்துவமனையில் உத்தியோகம்’ என்று முடித்துவிட்டார். வரவேற்பு மேஜையில் டோக்கன் கொடுத்தவர் என்று வாசகர் நினைத்தால் அது வாசகர் குற்றமா?

இப்போது கம்ப்யூட்டர் திரையில் மூளையின் அலை ஓடுகிறது. அன்று பேனாவும் காகிதமும்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் எங்கள் இயந்திரத்தில் அப்படித்தான் இருந்தது, அதனால் சொல்கிறேன். முதலில் டேப்பால் தலையை அளக்க வேண்டும். மூக்குத் தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை ஒரு அளவு, ஒரு காதுக்கு முன்னாலிருந்து மறு காதுக்கு முன்னால் வரை இன்னொன்று. அந்த அளவைப் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்து மெழுகுப் பென்சிலால் குறி வைத்து, முடியை வகிடெடுத்து, மண்டைத் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை வைத்து, ஒயர் முனையில் இருக்கும் சின்ன உலோகக் கிண்ணத்தை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று எழுதியே கொடுப்போம். வருகிறவர் தலையில் எண்ணெய் வழியும். அப்புறம் இயந்திரத்தைப் போட்டால் பதினாறு பேனா ஒரே நேரத்தில் காகிதத்தில் ஓடும். விநாடிக்கு 30 மில்லிமீட்டர் காகிதம் நகரும். இருபது நிமிடப் பதிவு என்றால் 36 மீட்டர் காகிதம், மடிப்பு மடிப்பாகக் கீழே விழும். நடுவில் ஒரு பேனாவில் மை அடைத்தால் அந்த இடத்து மூளை செத்துப்போன மாதிரி கோடு நேராகக் கிடக்கும். சொந்தக்காரர் எட்டிப் பார்த்துப் பயந்துவிடுவார்.

இந்த வேலை கற்றுத் தருவது ஒன்று உண்டு, பார்ப்பது. நோயாளி கண்ணை மூடியதும் பின்மண்டைப் பேனாக்களில் ஆல்பா அலை, அதாவது மூளை விழித்தபடியே ஓய்வாக இருக்கும்போது வரும் அலை, அழகாக எழும்பும். கண்ணைத் திறந்ததும் படுத்துவிடும். இமைத்தால் ஒரு மேடு, பல்லைக் கடித்தால் ஒரு கறுப்புத் தீற்றல். எது மூளையிலிருந்து வந்தது, எது தாடையிலிருந்து வந்தது என்று பிரித்துக் காகிதத்தின் ஓரத்தில் அப்போதைக்கப்போது எழுதிக்கொண்டே போக வேண்டும். மெக்கல்லோவின் நாவல்களில் ஆட்கள் எப்படி உட்காருகிறார்கள், எந்தக் கையால் எதைத் தொடுகிறார்கள் என்பதெல்லாம் ஒன்று விடாமல் வரும். சிலருக்கு அது சலிப்பு. எனக்கு அது எங்கள் காகித ஓரத்துக் குறிப்புகள்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். யேலில் அதே வேலை பார்த்த ஆண்களுக்குத் தந்ததில் பாதிதான் தனக்குத் தந்தார்கள் என்று அவர் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். இப்படியே போனால் எழுபது வயதில் வெந்நீர்கூட வராத மாடி அறையில், ஒற்றை 60 வாட் பல்பின் கீழே, கல்யாணமாகாத கிழவியாகத்தான் கிடப்பேன் என்று தோன்றியதாம். அதனால் எழுத உட்கார்ந்தார். கலைவாணி அருள், உள்ளுணர்வு என்றெல்லாம் பூசி மெழுகவில்லை. காசு வேண்டும், எழுதினேன் என்றார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். நான் வேலை பார்த்த இடத்திலும் எனக்குப் பிறகு சேர்ந்த ஆணுக்கு என்னைவிட அதிகமாகப் போட்டார்கள். கேட்டதற்கு, ‘அவர் குடும்பஸ்தர்மா’ என்றார்கள். என் வீட்டில் சாப்பிட்டவர்கள் எல்லாம் யாராம்? சரி, அது பழைய கதை.

பகலெல்லாம் ஆய்வுக்கூடம், ராத்திரியில் டைப்ரைட்டர். 1974-இல் ‘டிம்’ வந்தது. மூளை வளர்ச்சி குன்றிய இளைஞன் ஒருவனையும் நடுவயதுப் பெண்மணி ஒருவரையும் பற்றிய சின்ன நாவல். பிறகு மெல் கிப்சன் நடித்துப் படமாகவும் வந்தது. 1977-இல் ‘தி தார்ன் பேர்ட்ஸ்’. பேப்பர்பேக் உரிமை ஏலத்தில் 19 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைக்கு அது சாதனைத் தொகை. இன்றுவரை மூன்று கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது.

உங்கள் கட்டுரை இதைப் ‘பாதிரியாரின் கள்ளக் காதல் கதை’ என்று ஒரே வார்த்தையில் அடைத்தது. காதல் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பாதிரியார் ரால்ஃபைக் கண்டாலே எரிச்சல். பதவியும் வேண்டும், நாவலின் நாயகி மெகியும் வேண்டும். நாவலின் உயிர் அவரிடம் இல்லை, ட்ரோகிடா ஆட்டுப் பண்ணையில் இருக்கிறது. மின்னல் விழுந்து புல்வெளி பற்றி எரிவதும், அதில் மெகியின் அப்பா பேடி கருகிப்போவதும், அவரைத் தேடிப் போன மகன் ஸ்டூவர்ட்டைக் காட்டுப்பன்றி முட்டிக் கொல்வதும் வருகிற பக்கங்களைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வட குயின்ஸ்லாந்தில் மெகியின் புருஷன் கரும்பு வெட்டுகிற பகுதி இன்னொன்று. பெண்டாட்டியை அடுத்தவர் வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டு, சம்பாதித்ததைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, கரும்பே கதியென்று கிடக்கிறான் அவன். கரும்பு வெட்டியின் மகள் எழுதியது அது. கேள்விப்பட்டு எழுதினால் அப்படி வராது.

இன்னொரு சங்கதியையும் கட்டுரை விட்டுவிட்டது. மெக்கல்லோவுக்குக் கார்ல் என்று ஒரு தம்பி. 1965-இல் கிரீட் தீவில், கடலில் தத்தளித்த சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்தான். வயது இருபத்தைந்து. ‘தார்ன் பேர்ட்ஸ்’ நாவலில் மெகியின் மகன் டேனும் அதே கிரீட்டில், அதே விதமாகத்தான் இறக்கிறான். பாதிரியாரின் பிள்ளை என்பதற்காகக் கடவுள் தந்த தண்டனை என்று டி.வி. பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எழுதியவளுக்கு அது தம்பி. 1983-இல் வந்த அந்தத் தொடரை அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்தது, இவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல், முகம் சுளிக்கிற வார்த்தையிலேயே சொன்னார்.

புகழ் தொல்லை தாங்காமல் நார்ஃபோக் தீவுக்குக் குடிபோனார். சிட்னியிலிருந்து ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், பசிபிக் நடுவே 35 சதுர கிலோமீட்டர் நிலம். ஒரு காலத்தில் கைதிகளை அடைத்த இடம். பவுன்ட்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் கலகம் செய்தவர்களின் சந்ததியை 1856-இல் பிட்கேர்ன் தீவிலிருந்து கூட்டிவந்து இங்கே குடியேற்றினார்கள். அந்த வம்சத்தில் வந்த ரிக் ராபின்சனைத்தான் 1984-இல் மணந்துகொண்டார். மாப்பிள்ளை சின்னவர் என்பதற்கு மேல் உங்கள் கட்டுரையாளருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

இந்தத் தீவில் உட்கார்ந்துதான் தன் பெரிய வேலையைச் செய்தார். பண்டைய ரோம் பற்றிய வரிசை நாவல்கள், மொத்தம் ஏழு. 1990-இல் ‘தி ஃபர்ஸ்ட் மேன் இன் ரோம்’, 2007-இல் ‘ஆண்டனி அண்ட் கிளியோபாட்ரா’. நடுவில் ஐந்து. ஒவ்வொன்றும் தலையணை தடிமன். ரோமானியச் சொற்களுக்குப் பின்னிணைப்பாக ஓர் அகராதியே சேர்த்தார். வரைபடங்களும் முகச் சித்திரங்களும் அவரே வரைந்தவை. மக்வாரி பல்கலைக்கழகம் 1993-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. நியூ சவுத் வேல்ஸ் முதல்வராக இருந்த பாப் கார் இந்த நாவல்களின் ரசிகர். டி.வி. தொடருக்குக் கால்வாசி இடம் ஒதுக்கிய கட்டுரையில் இந்த ஏழு புத்தகத்துக்கு அரை வரிகூட இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

ஜூலியஸ் சீசருக்கு வலிப்பு இருந்ததாகப் பழைய வரலாற்று ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மற்ற நாவலாசிரியர் யாராக இருந்தாலும் நுரை தள்ள, கண் செருக ஒரு காட்சி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மெக்கல்லோ கேட்ட கேள்வி வேறு: அது நிஜமாகவே காக்காய் வலிப்புத்தானா? அவருடைய சீசர் வேலை மும்முரத்தில் சாப்பிட மறக்கிறவர். நாள் முழுக்க வயிறு காய்ந்து கிடந்தால் மயங்குகிறார், உடம்பு வெட்டுகிறது. கூடவே இருக்கிற எகிப்திய வைத்தியர், பட்டினி கிடக்கிறபோதுதான் இது வருகிறது என்று கண்டுபிடித்து, பழச்சாறு குடிக்க வைக்கிறார். அதாவது ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வருகிற வலிப்பு. வரலாற்று அறிஞர்கள் ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. ஆனால் வலிப்பு என்று சொல்லி அழைத்து வரப்பட்டவரைப் பார்த்து ‘காலையில் சாப்பிட்டாரா?’ என்று முதலில் கேட்பது எங்கள் அறையில் தினப்படி நடந்த விஷயம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய நோயாளியிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார் இந்த அம்மா. படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். ‘தி கிராஸ் கிரௌன்’ நாவலில் பக்கவாதம் வந்த தளபதி மாரியஸை, சிறுவன் சீசர் கூடவே நடந்து, கை கால் பயிற்சிக்குத் துணை நிற்கும் பகுதியையும் பாருங்கள். நோயாளியின் கோபம், வீம்பு, அழுகை எல்லாம் வார்டில் பார்த்தது பார்த்தபடி இருக்கும்.

அவர் வாயைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். நான் அவரைத் தூக்கிப் பிடிக்க வந்தவள் அல்ல. 2004-இல், பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட அதே பிட்கேர்ன் தீவில் பல ஆண்டுகளாகச் சிறுமிகளைக் கெடுத்ததாக ஆண்கள் மீது வழக்கு நடந்து, ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மெக்கல்லோ அந்த ஆண்கள் பக்கம் பேசினார். பாலினேசிய வழக்கம் அது, இங்கிலாந்துக்காரர்கள் ஏன் மூக்கை நுழைக்கிறார்கள் என்றார். புருஷன் வழிச் சொந்தம் என்கிற பாசமோ என்னவோ, பேசியது அசிங்கம். வாக்குமூலம் கொடுத்த பெண்களும் அதே தீவுக்காரிகள்தானே, அவர்களுக்கு மட்டும் வழக்கம் தெரியாதா? பெண்ணுக்குப் பாதிச் சம்பளமா என்று கேட்ட வாயிலிருந்து இது வந்ததை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. உங்கள் கட்டுரை ‘சர்ச்சைக்குரிய கருத்துகள்’ என்று இதை மொட்டையாகச் சொல்லிவிட்டு, உடம்பைப் பற்றி மட்டும் விரிவாக எழுதியது. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காமல் பருமனைக் கிண்டல் செய்வது என்ன நியாயம்?

1987-இல் வந்த ‘தி லேடீஸ் ஆஃப் மிஸ்ஸலாங்கி’ கனடா எழுத்தாளர் எல்.எம். மாண்ட்கோமரியின் பழைய நாவலைப் போலவே இருக்கிறது என்று புகார் கிளம்பியது. சிறு வயதில் படித்தது அடிமனத்தில் தங்கியிருக்கலாம் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. 2008-இல் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் வரும் பென்னட் சகோதரிகளில் நடுவிலாள் மேரியை எடுத்து ஒரு நாவல் எழுதி, ஆஸ்டின் பக்தர்களை நன்றாக வெறுப்பேற்றினார். அது சுமாரான புத்தகம்தான், ஆனால் சீண்டிப் பார்க்கும் அந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது.

கடைசி வருஷங்களில் விழித்திரை நோயால் பார்வை போய்க்கொண்டிருந்தது, எலும்பு தேய்ந்தது, முகத்தில் நரம்பு வலி. நரம்பு வலி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாததா! அப்படியும் 2013-இல் ‘பிட்டர்ஸ்வீட்’ வந்தது. 2015 ஜனவரி 29 அன்று நார்ஃபோக் தீவிலேயே காலமானார். வயது 77.

அடுத்து நடந்ததை உங்கள் உதவி ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘தி ஆஸ்திரேலியன்’ நாளேடு வெளியிட்ட இரங்கல் குறிப்பு, அழகில்லாத முகம், நிச்சயமாக அதிக எடை, இருந்தும் நகைச்சுவையும் அன்பும் கொண்ட பெண் என்கிற பொருளில் ஆரம்பித்தது. மூன்று கோடிப் பிரதி விற்றவர், யேலில் பத்தாண்டு வேலை பார்த்தவர், அவருக்கு முதல் பத்தி இது! உலகமே பிடித்துக்கொண்டது. எழுத்தாளர்களும் சாதாரண ஜனங்களும் தங்கள் தங்கள் மரணக் குறிப்பை அதே பாணியில் தாங்களே எழுதி ட்விட்டரில் போட்டார்கள். ‘மூக்கு கோணல், தொப்பை உண்டு, இருந்தாலும் நோபல் வாங்கினார்’ என்கிற தினுசில் நான் ஒன்று எழுதிப் பார்த்தேன், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் கட்டுரையின் முதல் பத்தியை அந்தக் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டு திருத்தங்களையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் படிப்பில் தோற்று மருத்துவத்தை விட்டவர் அல்ல, கட்டுரையில் இருந்த ‘படிப்பைப் பாதியில் கைவிட்ட’ என்ற சொற்றொடர் அந்த அர்த்தத்தைத்தான் தருகிறது. ரோம் நாவல்கள் ஏழு இருக்கின்றன, அவற்றின் பெயரையாவது போடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டாமல் உங்களால் போட முடியாது என்பது தெரியும். வெட்டுவதானால் மதுரை, என் சம்பளம், எண்ணெய்த் தலை எல்லாவற்றையும் தாராளமாக எடுத்துவிடுங்கள். சீசரையும் பிட்கேர்னையும் மட்டும் தொடாதீர்கள். தயவுசெய்து இந்த முறை சேம்பர்லைன் படம் வேண்டாம். இடம் நிரப்ப ஏதாவது வேண்டுமென்றால் அவர் கையால் வரைந்த மாரியஸின் முகம் புத்தகத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இ.இ.ஜி. டெக்னீஷியன்,
மதுரை